“வாயில் கொழுக்கட்டையா?” – திக்கிப் பேசிய மாணவன் ஒருவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் கெடா மாநிலத்தின் தெற்கில் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் 2024 மார்ச் முதல் 2025 இறுதி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தப் பள்ளியில், படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பு எடுக்கும் ஆசிரியை நான். பெற்றோரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். இதே மாதிரி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம் என்பதால் சில இடங்களை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

ஊரும் வீடும்

ஊர் சின்னது. ஒரு கடைத்தெரு, மாரியம்மன் கோயில், சாலையோரம் சில ஒட்டுக்கடைகள், சுற்றிலும் செம்பனை. பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களில் பாதி இப்போது பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டன. வீடு மாறினாலும் பழக்கம் மாறவில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அந்த வாரமே ஒட்டுக்கடை வரை போய்விடும். பள்ளியில் 150-க்கும் குறைவான மாணவர்கள். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை பள்ளி தொடங்கும்.

பையனின் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா கூலிமில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தொழிற்சாலை பஸ் விடிவதற்கு முன்பே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். வளர்த்தது பெரும்பாலும் பாட்டி, அப்பாவைப் பெற்றவர். அக்கா அதே பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பையன் 2024 மார்ச்சில் இரண்டாம் ஆண்டுக்கு வந்தான்.

முதல் ஆண்டு முடிவில் நடந்த வாசிப்புச் சோதனையில் தேறவில்லை என்று அவனை என் வகுப்புக்கு அனுப்பினார்கள். கோப்பில் “வாசிக்கத் தெரியாது, கேள்விக்குப் பதில் சொல்வதில்லை” என்று குறிப்பு இருந்தது. வாய்மொழியாகக் கிடைத்த குறிப்பு இன்னும் சுருக்கம்: “கொஞ்சம் மந்தம், டீச்சர்.”

கவனித்தவை: 2024 மார்ச் முதல் மே வரை

முதல் சில வாரம் அவன் குரலையே நான் கேட்கவில்லை. கூப்பிட்டால் வருவான், சொன்னதைச் செய்வான், வாசி என்றால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆனால் படத்தையும் சொல்லையும் இணைக்கும் பயிற்சித்தாளைக் கொடுத்தால் ஒன்றுகூடத் தப்பில்லாமல் முடித்துவிடுவான். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் ஒரு துண்டுத் தாளில் “மூன்றாவது மேசையில் இருக்கும் சிவப்புப் புத்தகத்தை எடுத்து என் பைக்குள் வை” என்று எழுதி, ஒன்றும் சொல்லாமல் அவனிடம் கொடுத்தேன். படித்தான். எழுந்து போனான். சிவப்புப் புத்தகத்தை எடுத்து என் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த தாள் எங்கே என்கிற மாதிரி என் கையைப் பார்த்தான். மலாயில் எழுதிக் கொடுத்தேன், அதையும் செய்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை இவன்.

பேச்சைக் கேட்டது அதற்கு அப்புறம்தான். கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வந்தான். முதல் எழுத்து வெளியே வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது, கண் இறுக மூடிக்கொண்டது, வலது கால் தரையை இரண்டு முறை தட்டியது. அப்புறம் “பா... பா... பா...” என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, விரலால் வாசலைக் காட்டினான். பின்னால் யாரோ “காகாப்” என்று முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள். திக்கிப் பேசுகிறவனுக்கு மலாயில் சொல்கிற சொல் அது. அதுதான் அவன் பெயராகிவிட்டிருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் தேவார வகுப்பில் அவன் எல்லாரோடும் சேர்ந்து கணீரென்று பாடுகிறான், ஓர் இடத்திலும் தடை இல்லை. அந்தத் திறமையே அவனுக்கு வினையாக முடிந்திருந்தது. “பாட்டு வருதுல்ல? அப்ப பேச்சு மட்டும் ஏன் வரல? வேணும்னே செய்றான்” என்று பெரியவர்கள் பலர் நம்பினார்கள்.

அவனைச் சுற்றிப் புழங்கிய பேச்சு

தலைமையாசிரியையின் அனுமதியோடு சில பாட வேளைகளில் வகுப்பின் பின்புறம் உட்கார்ந்து, அவனிடமும் அவனைப் பற்றியும் என்ன பேசப்படுகிறது என்று குறித்துக்கொண்டேன். கேலிதான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கேலி இருந்தது, ஆனால் நல்ல மனதோடு சொல்லப்பட்ட சொற்கள் அதைவிட அதிகமாக இருந்தன. ஒரே 30 நிமிடப் பாட வேளையில் “மெதுவா சொல்லு”, “மூச்ச நல்லா இழுத்துட்டுப் பேசு”, “யோசிச்சிட்டுச் சொல்லு” என்கிற அறிவுரை அவனுக்கு ஏழு முறை கிடைத்தது. சொல்ல வேண்டியதை அவன் யோசித்துத்தான் வைத்திருந்தான். யோசனையில் அவனுக்குக் குறையே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த அறிவுரை அவனிடம் சொன்னது ஒன்றுதான்: நீ சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன் வாயைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவன் தொடங்குகிற வாக்கியத்தை முடித்து வைக்கிறவர்களும் இருந்தார்கள், முக்கியமாக அவன் அக்கா. பாசத்தில்தான் செய்தாள். தம்பி கூச்சப்படுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கடையில் பாட்டி அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “இவனுக்குப் பேச்சு வராதுய்யா, எங்கிட்ட கேளு” என்று கடைக்காரரிடம் சொல்வதை நானே கேட்டேன். பையன் காதில் விழாத மாதிரி பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாராட்டும் காயப்படுத்தியது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏப்ரலில் ஒருநாள் அவன் ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் சொல்லிவிட்டான். வகுப்பாசிரியைக்கு அவ்வளவு சந்தோஷம். “பாத்தீங்களா, திக்காமப் பேசிட்டான்! எல்லாரும் கை தட்டுங்க” என்றார். எல்லாரும் தட்டினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் அந்த வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஏன் என்று பல மாதம் கழித்து அவனே சொன்னான்: “அடுத்த தடவ வரலன்னா?”

அவனோடு பேச எனக்கு முதலில் வாய்த்த வழி எழுத்துதான். நான் ஒரு வரி எழுதுவேன், அவன் ஒரு வரி எழுதுவான். எப்போதிலிருந்து வகுப்பில் பதில் சொல்வதை நிறுத்தினாய் என்று கேட்டு எழுதினேன். அவன் எழுதியது ஒரே சொல்: “கொழுக்கட்ட”.

விசாரித்ததில் தெரிந்தது இது. முதலாம் ஆண்டில், வாசிக்க எழுந்து திணறிக்கொண்டிருந்தவனிடம் ஓர் ஆசிரியை, “வாயில என்ன கொழுக்கட்டையா? முழுங்கிட்டுப் பேசு” என்றிருக்கிறார். வகுப்பு சிரித்திருக்கிறது. அந்த ஆசிரியை கடுமையானவர் இல்லை. முணுமுணுக்கிற எந்தப் பிள்ளையிடமும் அப்படித்தான் சொல்வார். நம் வீடுகளில் எல்லாரும் கேட்டு வளர்ந்த பேச்சு அது. சொன்னதே அவருக்கு நினைவில்லை. பையனுக்கு அன்றைக்கு வாசித்த பக்கம் எது என்பது வரை நினைவிருந்தது.

திக்கலைப் பற்றித் தெரிந்துகொண்டது

சுகாதாரக் கிளினிக்கிலிருந்து மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கினோம். தேதி கிடைக்கச் சில மாதம் ஆனது. மலேசியாவில் பேச்சு அறிவியலுக்கான முதல் பட்டப்படிப்பு மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995-இல்தான் தொடங்கியது. தமிழில் பயிற்சி தரக்கூடியவர் கிடைப்பது இன்னும் அரிது. எங்களுக்குக் கிடைத்த பயிற்சியாளர் மலாய்க்காரப் பெண். பொறுமைசாலி. தமிழுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

அவர் சொன்னவற்றில் பல, ஊரின் நம்பிக்கைகளுக்கு நேர் எதிராக இருந்தன. திக்கல் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்காவது ஒரு கட்டத்தில் வருகிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். குடும்பத்தில் ஓடும். பேச்சின் நேர ஒழுங்கை மூளை கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு அடிப்படை; பயமோ சோம்பலோ வளர்ப்போ அதற்குக் காரணம் இல்லை. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும், தனியாக இருக்கும்போதும் திக்கல் குறைந்துவிடுவது உலகம் முழுக்கக் காணப்படுவது. ஆகவே தேவாரம் பாடுகிறவன் நடிக்கிறான் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

அப்படியென்றால் மற்றவர்களின் சொல்லுக்கு இதில் என்ன பங்கு? 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவி மேரி டியூடரும் ஒரு சோதனை நடத்தினார்கள். அநாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேர். சரளமாகப் பேசிய பிள்ளைகளில் ஆறு பேரிடம், உங்களுக்குத் திக்கல் வருகிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே பேசாதீர்கள் என்கிற விதத்தில் பல மாதம் சொல்லி வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் திக்குவாய் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசவே தயங்கினார்கள், ஒதுங்கினார்கள், படிப்பில் பின்தங்கினார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வைத்து இப்படிச் செய்தது கொடுமை. 2001-இல் அந்தப் பல்கலைக்கழகம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

எங்கள் பையனிடம் நான் பார்த்ததும் இதைத்தான். திக்கல் அவன் மூளையின் இயல்பால் வந்தது. வாயை மூடிக்கொண்டது மற்றவர்கள் சொன்னதால் வந்தது. முதலாவதை எங்களால் பெரிதாக மாற்ற முடியாது. இரண்டாவது எங்கள் கையில் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்: 2024 ஜூன் முதல்

முதல் முடிவு கோப்பைத் திருத்துவது. “வாசிக்கத் தெரியாது” என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அவனைப் பார்க்கிற ஒவ்வோர் ஆசிரியரும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். எழுத்து வழியாக மறுசோதனை வைத்தோம். வாசிப்பில் வகுப்புச் சராசரிக்கு மேலே இருந்தான். வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு நிலை உண்டு. பேச்சுத் திறனில் என்ன நிலை கொடுப்பது என்று நீண்ட வாக்குவாதம் நடந்தது. என்ன சொன்னான் என்பதற்குத்தான் மதிப்பீடு, எவ்வளவு நேரத்தில் சொன்னான் என்பதற்கு இல்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். அவன் குறைநீக்கல் வகுப்பிலிருந்து வெளியேறினான். அதன் பிறகும் ஓய்வு வேளைகளில் என்னிடம் வந்துகொண்டிருந்தான்.

அடுத்தது வகுப்பில் பேச்சு. தலைமையாசிரியை, பாவம் பிள்ளை, வாய்மொழிப் பயிற்சி எல்லாவற்றிலிருந்தும் விலக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அக்கறையோடு சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழு விலக்குக் கொடுத்தால், உன்னால் முடியாது என்று பள்ளியே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். அதே சமயம் பட்டியல் வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொல்வது திக்குகிற பிள்ளைக்குப் பெரிய சித்திரவதை. தன் முறை வருவதற்குள் எத்தனை பேர் பாக்கி என்று எண்ணிக்கொண்டே இருப்பான், பாடம் எதுவும் காதில் ஏறாது. அதனால் வரிசை வாசிப்பை எல்லாருக்குமே நிறுத்தினோம். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே குரலில் வாசிப்பது என்று வகுப்பு முழுவதற்கும் மாற்றினோம். அவனுக்கு மட்டும் தனி ஏற்பாடு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆத்திசூடி, கொன்றை வேந்தன் எல்லாம் ஏற்கெனவே கூட்டாகச் சொல்வதுதான். அங்கே அவன் குரல் முன்னால் நின்றது.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டது மூன்று. அறிவுரை வேண்டாம். வாக்கியத்தை முடித்து வைக்க வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருந்து, அவன் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். கேட்க எளிது, செய்யக் கஷ்டம். ஒரு சொல்லுக்காகப் பத்து வினாடி சும்மா இருப்பது வகுப்பறையில் எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நன்றாகப் பேசினாய் என்பதற்குப் பதிலாக, “ஓ, சண்டை மீனுக்கு அப்படியா? ஒரே போத்தல்ல ரெண்டு போட்டா கடிச்சிக்குமா?” என்று கேட்டோம். சண்டை மீன் வளர்ப்பதில் அவன் கெட்டிக்காரன். அதைப் பற்றிப் பேச அவனிடம் நிறைய இருந்தது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. தடையில்லாமல் பேசும்போது பாராட்டும் முறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் உருவான லிட்கோம் முறை அது. பெரும்பாலும் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு, பயிற்சியாளரின் கண்காணிப்பில், பெற்றோர் வீட்டில் செய்வது. அதற்குப் பலன் உண்டு என்பது ஆய்வில் தெரிந்தது. ஆனால் எட்டு வயதில், வெட்கம் முற்றிப்போன பிள்ளைக்கு, வகுப்பு முழுவதும் சேர்ந்து கை தட்டுவது அந்த முறையே இல்லை. எங்கள் பயிற்சியாளர் இவனுக்கு வேறு வழியை எடுத்தார்: திக்கலை மறைக்கச் சொல்லவில்லை, இறுக்கமில்லாமல் திக்கப் பழக்கினார். சொல்லின் முதல் ஒலியை மென்மையாகத் தொடங்குவது, சில சமயம் வேண்டுமென்றே லேசாகத் திக்கிப் பார்ப்பது. அதைக் கேட்டதும் பாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வகுப்புப் பிள்ளைகளிடம் இதைப் பேசலாமா என்று முதலில் அவனிடமே கேட்டோம். பேசலாம், ஆனால் நான் இருக்கக்கூடாது என்று எழுதினான். அந்த வேளையில் நூலகத்துக்குப் போய்விட்டான். திக்கல் என்றால் என்ன, ஏன் வருகிறது என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். “டீச்சர், அப்ப அது ஒட்டிக்குமா?” என்று ஒருத்தி கேட்டாள். பாதிப் பேர் அதற்குப் பயந்துதான் அவன் பக்கத்தில் உட்காராமல் இருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒட்டாது என்றதும் பல முகம் தெளிந்தது. “காகாப்” என்ற பெயரை இனி யாரும் சொல்லக்கூடாது என்று தண்டனையோடு தடை போடவில்லை. தடை போட்டால் பள்ளிக்கு வெளியே இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். அவனை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவனே சொல்லட்டும் என்றோம். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை எழுதிக் கொடுத்தான்.

கொழுக்கட்டை என்று சொன்ன ஆசிரியையிடம் தனியாகப் பேசினேன். ஆசிரியர் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லலாம் என்று ஒரு யோசனை இருந்தது. எல்லாருக்கும் அது யாரென்று தெரிந்துவிடும், அவரும் கூசிப்போவார், அதனால் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கேட்டதும் வெகு நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் பையனைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, “அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புய்யா” என்றார். அவன் “சரி டீச்சர்” என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் நகராமல் நின்று, முழுதும் கேட்டுக்கொண்டுதான் போனார்.

வீட்டில்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனேன். பாட்டி தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கலக்கிக் கொடுத்துவிட்டு, இதுவரை செய்த வைத்தியங்களைச் சொன்னார்: வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவியது, வாயில் கூழாங்கல்லை வைத்துப் பேசச் சொன்னது, கோயிலுக்கு வேண்டிக்கொண்டது. கூழாங்கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும், அதை உடனே நிறுத்துங்கள் என்றேன். வேண்டுதல் அவருடைய நம்பிக்கை, அதைத் தொடவில்லை. வசம்புதான் சிக்கல். உறவுக்காரர்கள் வரும் நாட்களில் முன்கூட்டியே தடவிவிடுவாராம். தன்னை வெளியே காட்ட வீட்டாருக்கு வெட்கம் என்று பையன் அதிலிருந்து புரிந்துகொண்டிருந்தான். இதைச் சொன்னதும் பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “நா நல்லதுக்குத்தான டீச்சர் செஞ்சேன்” என்றார். நல்லதுக்குத்தான் செய்தார். அதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

அப்பா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னார்: “எனக்கும் சின்னதுல இருந்துச்சு டீச்சர். எங்கப்பா அடிச்சுத்தான் சரியாச்சு.” பையனையும் அதற்காகச் சில முறை அடித்திருக்கிறார். நான் மறுத்துப் பேசாமல், இப்போது முழுக்கச் சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டேன். கிளினிக்கிலும் வங்கியிலும் பெயர் என்ன என்று கேட்டால் அவர் இன்னும் பெயரைச் சொல்வதில்லை. மைகாட்டை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து நீட்டிவிடுகிறார். வீட்டுக்குப் போன் வந்தால் மனைவியிடம் கொடுத்துவிடுகிறார். மண்டோர் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) வேலைக்கு இரண்டு முறை கூப்பிட்டும், காலையில் பெரட்டில், அதாவது ஆட்கள் வேலைக்குக் கூடும் இடத்தில், பேர் வாசிக்க வேண்டியிருக்கும் என்பதற்காக வேண்டாம் என்றிருக்கிறார். அவர் மனைவிக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் திக்குகிறவர்கள் பலருக்கும் மிகக் கஷ்டமான காரியம் என்று பயிற்சியாளர் சொன்னதை அவரிடம் சொன்னேன். “பையனுக்கும் அதுதானே வரல” என்றார்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை. மருத்துவமனைத் தேதிகளுக்கு வேலையை விட்டுவிட்டு, மோட்டாரில் அவரே மகனை அழைத்துவரத் தொடங்கினார். அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: ஷிப்ட் முடிந்து வந்த பிறகு ஐந்து நிமிடம், டிவியை நிறுத்திவிட்டு, அவன் பேசுவதைக் கேளுங்கள், திருத்த வேண்டாம். அக்காவிடம், தம்பி வாக்கியத்தை முடிப்பது அவன் வேலை என்று சொல்லிப் புரியவைத்தோம். அவளுக்குத்தான் அது மிகக் கஷ்டமாக இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருப்பாளாம்.

பிறகு நடந்தவை

ஜூலையில் ஜோடி வாசிப்பு பிடித்துப்போனது. செப்டம்பரில் பயிற்சியாளரின் முதல் தேதி. 2024 தீபாவளிக்கு வசம்பு தடவவில்லை. வந்த விருந்தாளிகளிடம் அவன் இரண்டு மூன்று சொல் பேசினான் என்று அம்மா செய்தி அனுப்பினார். 2025 பிப்ரவரியில் மூன்றாம் ஆண்டுக்குப் போனபோது வருகைப் பதிவுக்கு “உள்ளேன்” என்று வாயால் சொன்னான். அதுவரை கையைத்தான் தூக்குவான். சில நாள் வரும், சில நாள் இழுக்கும். வகுப்பு காத்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

மார்ச்சில் பெற்றோர் கவலையோடு வந்தார்கள். முன்பைவிட இப்போது அதிகமாகத் திக்குகிறான், பயிற்சி வேலை செய்யவில்லையோ என்று. ஆசிரியர் சிலருக்கும் அதே எண்ணம். நான் பழைய குறிப்புகளை எடுத்துக் காட்டினேன். ஒரு வருடத்துக்கு முன் ஒரு நாளைக்கு ஐந்தாறு சொல் பேசியவன், இப்போது ஓய்வு வேளை முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறான். பேச்சு கூடினால் திக்கலும் காதில் கூடுதலாக விழும். இந்தக் கட்டத்தில் பெற்றோர் மனம் தளர்ந்து பயிற்சியை நிறுத்திவிடுவது எளிது. இதே நிலையில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கால் தட்டுவதும் கண் மூடுவதும் நன்றாகக் குறைந்திருந்தன. பயிற்சியாளர் திக்கல் எத்தனை முறை என்பதைவிட அதைத்தான் முன்னேற்றமாகக் குறித்தார்.

சரிவராதவையும் உண்டு. 2025 நடுவில் வகுப்பாசிரியை விடுப்பில் போக, மாற்றாக வந்த ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. வாசிக்கச் சொல்லி எழுப்பியிருக்கிறார். தடைப்பட்டதும் “சீக்கிரம், நேரமாகுதுல்ல” என்றிருக்கிறார். திட்டக்கூட இல்லை. ஒரு வருடத்து உழைப்பு இருந்தும் அந்த வாரம் முழுக்கப் பையன் மறுபடியும் மௌனம். கால் தட்டலும் திரும்பியது. பழைய நிலைக்கு வரச் சுமார் ஒரு மாதம் ஆனது. பள்ளி வேனில் பெரிய பிள்ளைகள் இன்னும் “காகாப்” என்கிறார்கள். வேன்காரரிடம் இரண்டு முறை பேசியும் முழுதாக நிற்கவில்லை.

ஓ.கே.யு. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. சமூகநலத் துறையின் ஏழு பிரிவுகளில் பேச்சுக் குறைபாடும் ஒன்று. பின்னாளில் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் மலாய், ஆங்கில வாய்மொழிப் பகுதிகளில் சலுகை கேட்க ஆவணம் உதவும் என்று விளக்கினோம். அப்பா இப்போதைக்கு வேண்டாம் என்றார். பையன் கொஞ்சம் வளர்ந்து அவனே சொல்லட்டும் என்றார். எனக்கு எடுத்துவைப்பது நல்லது என்றுதான் பட்டது. ஆனாலும் அது குடும்பத்தின் முடிவு. மருத்துவமனைக் கடிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னோம்.

பள்ளியில் மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

வாசிப்புச் சோதனையில் வாய் திறக்காத எந்தப் பிள்ளைக்கும், குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பும் முன் எழுத்து வழிச் சோதனை ஒன்று இப்போது கட்டாயம். வகுப்பு வருகைப் பதிவேட்டின் உள்பக்கத்தில் மாற்று ஆசிரியருக்கான குறிப்பு ஒட்டப்படுகிறது. பெயர் சொல்லாமல், இந்த வகுப்பில் வரிசை வாசிப்பு இல்லை, பதிலுக்குக் காத்திருக்கவும் என்று மட்டும் இருக்கும். முதலாம் ஆண்டுச் சேர்க்கையில், குடும்பத்தில் யாருக்காவது திக்கல் இருந்ததா என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை அவன் சேர்ந்தபோதே கேட்டிருந்தால் அப்பாவின் கதை அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்னும் செய்யாதது, பாலர் பள்ளியோடு பேசுவது. நான்கு வயதில் திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலோ, தானாகப் போய்விடும் என்று காத்திருக்காமல் அப்போதே பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம். ஊரில் இரண்டு பாலர் பள்ளிகள் இருக்கின்றன. வரும் தவணையில் அவற்றின் ஆசிரியைகளை வரவழைத்துப் பேச ஏற்பாடு நடக்கிறது.

2025 இறுதியில் பையன் மூன்றாம் ஆண்டை முடிக்கிறான். இன்னும் திக்குகிறான். தன் பெயரில்தான் அதிகம். கடைக்குத் தனியாகப் போய் மீன் தீனி கேட்டு வாங்குகிறான். கடைக்காரர் பாட்டியைத் தேடுவதில்லை. நான்காம் ஆண்டு ஆசிரியருக்குக் கொடுக்க ஒரு கடிதம் தயார் செய்து, அனுப்பும் முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன், “பாடும்போது இவனுக்குத் திக்குவதில்லை” என்ற வரியில் விரலை வைத்தான். அதை எடுத்துவிடச் சொன்னான். ஏன் என்றேன். “பா... பாட்டாவே பதில் சொல்லுன்னு சொல்லுவாங்க டீச்சர்.” அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்தேன்.